கடல் கடக்கும் கல்வி: கொள்ளைநோய்க் காலத்தில் மாணவர் பயண ஆயத்தம்



நம் முன்னோர் இந்நாட்டுக்குக் கப்பலேறி வந்த வரலாற்றைப் பாட்டன் பாட்டி வாயிலாக நீங்கள் கேட்டிருப்பீர்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையை அடுத்த ஆவடியிலும் இருந்த முகாம்களில் அவர்களைத் தங்கவைத்து, மருத்துவர் பார்த்து, அம்மை குத்திய பிறகே கப்பலில் ஏற்றினார்கள். பினாங்கை நெருங்கியதும் பலரை நேரே ஊருக்குள் விட்டுவிடவில்லை. ஜெரெஜாக் தீவில் இறக்கிச் சில நாள் தனியே வைத்திருந்தார்கள். காலராவோ பெரியம்மையோ இல்லை என்று தெரிந்த பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பினார்கள்.

அவர்களுடைய கொள்ளுப் பேரப்பிள்ளைகள் 2020, 2021 ஆம் ஆண்டுகளில் மேற்படிப்புக்காக விமானம் ஏற முற்பட்டபோது, அவர்களிடமும் ஏறத்தாழ அதே கேள்விகள் கேட்கப்பட்டன. ஊசி போட்டுக்கொண்டாயா? உடலில் நோய் இருக்கிறதா? சில நாள் தனியே இருக்கச் சம்மதமா? கப்பல் போய் விமானம் வந்தது. கேள்விகள் மட்டும் மாறவில்லை. கொள்ளைநோய்க் காலத்தில் அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் செல்லும் மாணவர் இக்கேள்விகளுக்கு எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என்பதே இன்றைய உரையின் பொருளாகும்.

கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என உலகச் சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 ஆம் நாள் அறிவித்தது. அதன் அவசரநிலை முடிவுற்றதாக 2023 மே 5 ஆம் நாள் கூறியது. முடிந்துபோன ஒன்றைப் பற்றி இப்போது பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு கொள்ளைநோய் அடங்கியது என்றால் கொள்ளைநோய்களே ஒழிந்துவிட்டன என்று பொருளாகாது. அடுத்தது எப்போது வரும், எந்தக் கிருமியால் வரும் என்று எவராலும் சொல்ல இயலாது. ஆனால் அன்றும் நம் பிள்ளைகள் படிக்கப் போகத்தான் போகிறார்கள். மழை ஓய்ந்திருக்கும்போதுதான் கூரையைப் பார்க்க வேண்டும்.

எங்கள் தோட்டப் பள்ளியில் எழுத்துப் படித்து, இடைநிலைக் கல்வி முடித்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் கடிதத்தோடு வரும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு செலவாகும் சார்?" என்பதுதான். அது நியாயமான கேள்வியே. ஆயினும் கொள்ளைநோய்க் காலத்தில் அதற்கு முந்திய கேள்வி ஒன்று உண்டு. "வழியில் பதினான்கு நாள் நின்றுவிட நேர்ந்தால் என்ன செய்வது?" என்பதே அது. போய்ச் சேர்வதற்கு மட்டும் ஆயத்தமானவர் பாதி ஆயத்தமே செய்தவர். வழியில் நின்றுபோவதற்கும் ஆயத்தமானவரே முழு ஆயத்தம் செய்தவர்.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. நடந்ததைச் சற்று நினைவுகூர்வோம். 2020 மார்ச் 18 ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. மலேசியர் வெளிநாடு செல்வது அன்றே தடைப்பட்டது. பின்னர்ப் படிக்கச் செல்வோரும் குடிநுழைவுத் துறையின் அனுமதி பெற்றே புறப்பட வேண்டியதாயிற்று. ஏப்ரல் 3 முதல், நாடு திரும்பியோர் அரசு குறித்த நிலையங்களில் 14 நாள் தங்கவைக்கப்பட்டனர். ஆஸ்திரேலியா மார்ச் 20 ஆம் நாள் வெளிநாட்டாருக்குக் கதவைச் சாத்தியது. சீனா மார்ச் 28 ஆம் நாள் சாத்தியது. இந்தியா மார்ச் 23 முதல் வழக்கமான அனைத்துலகப் பயணிகள் விமானங்களை நிறுத்தியது. நம் பிள்ளைகள் பலர் மருத்துவம் பயிலச் செல்லும் அந்நாட்டுக்கு அவ்விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கியது 2022 மார்ச் 27 ஆம் நாளில்தான். இடையில் சிறப்பு விமானங்கள் மட்டுமே இருந்தன.

கதவு திறக்கும் நாளும் உறுதியாக இருந்ததில்லை. ஆஸ்திரேலியா 2021 டிசம்பர் 1 ஆம் நாள் மாணவருக்கு எல்லையைத் திறப்பதாக அறிவித்திருந்தது. பயணச்சீட்டு வாங்கியவர்கள் பெட்டி கட்டினார்கள். நவம்பர் இறுதியில் ஓமைக்ரான் என்னும் புதிய திரிபு தோன்றியது. திறப்பதற்கு இரண்டே நாள் இருந்தபோது, அந்நாள் டிசம்பர் 15 க்குத் தள்ளிவைக்கப்பட்டது. இதில் யாரைக் குறை கூறுவது? நோயின் போக்கு மாறும்போது விதியும் மாறும். ஆகவே விதிகளை மனப்பாடம் செய்வதைவிட, அவை எதற்காக ஏற்பட்டவை என்று அறிந்துகொள்வதே நலம். காரணம் தெரிந்தவருக்கு மாறிய விதியும் விளங்கும்.

முதலில், தனிமைப்படுத்தல் ஏன்? கிருமி உடலில் புகுந்த உடனேயே காய்ச்சல் வந்துவிடுவதில்லை. உள்ளே பெருகுவதற்கு அதற்குச் சில நாள் வேண்டும். கோவிட்-19 முதலில் பரவிய காலத்தில் இது பெரும்பாலும் ஐந்தாறு நாளாகவும், மிகுதியாகப் 14 நாள் வரையிலும் இருந்தது. ஆகவேதான் 14 நாள் என்னும் கணக்கு வந்தது. வேறொரு நோய்க்கு வேறொரு கணக்கு வரும். ஐரோப்பாவில் பிளேக் நோய் பரவிய காலத்தில், ரகூசா என்னும் துறைமுக நகரம் 1377 ஆம் ஆண்டிலேயே வெளியிலிருந்து வருவோரை 30 நாள் விலக்கி வைத்தது. பின்னர் அது 40 நாளாயிற்று. இத்தாலி மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்தே 'குவாரண்டைன்' என்னும் பெயர் பிறந்தது.

அடுத்து, பயணத்திற்கு முன் பரிசோதனை ஏன்? ஏறும் விமானத்தில் நோயாளி இருக்கக்கூடாது என்பதற்காக. பல நாடுகள் புறப்படுவதற்கு முந்திய 72 மணி நேரத்திற்குள் செய்த பிசிஆர் பரிசோதனையைக் கேட்டன. நேற்றுத் தொற்றிய கிருமி இன்றைய பரிசோதனையில் தெரியாமல் போகலாம். எனவே பரிசோதனை என்பது அந்த நேரத்தில் எடுத்த ஒரு நிழற்படம் போன்றது. அது நாளைக்கு உத்தரவாதம் தராது. அதனால்தான் இறங்கிய பின்னும் மறுபடி சோதித்தார்கள். அமெரிக்கா 2021 சனவரியில் மூன்று நாளுக்குள் செய்த பரிசோதனையைக் கேட்டது. அவ்வாண்டு டிசம்பரில் அதை ஒரு நாளாகக் குறைத்தது. படம் பழையதாகிவிடக்கூடாது என்பதே காரணம்.

இன்னொன்றையும் மாணவர் அறிந்திருக்க வேண்டும். நோய் வந்து குணமானவரின் உடலில் செத்த கிருமியின் துணுக்குகள் சில வாரம் தங்கக்கூடும். பிசிஆர் பரிசோதனை அவற்றையும் காட்டிவிடும். பிறருக்குத் தொற்ற வைக்காதவரும் பரிசோதனையில் நோயாளியாகத் தெரிவார். இத்தகையோர் குணமடைந்ததற்கான மருத்துவர் கடிதத்தைச் சில நாடுகள் ஏற்றுக்கொண்டன. ஆதலால் பயணத்திற்கு முந்திய சில மாதங்களில் நோய் கண்டவர், அதன் தேதியோடு கூடிய மருத்துவச் சான்றைப் பத்திரப்படுத்த வேண்டும்.

மூன்றாவதாக, தடுப்பூசி போட்டவுடன் ஏன் புறப்பட முடிவதில்லை? ஊசியே காவல் அன்று. ஊசியைக் கண்டு உடல் உண்டாக்கிக்கொள்ளும் எதிர்ப்பாற்றலே காவல். அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றும் ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்தே செல்லுபடியாகும்.

எந்த ஊசி என்பதும் முக்கியம். நம் நாட்டில் பலர் சினோவேக் ஊசி போட்டுக்கொண்டனர். உலகச் சுகாதார நிறுவனம் அதனை 2021 சூன் மாதத்தில் அங்கீகரித்தது. ஆயினும் ஆஸ்திரேலியா அக்டோபரிலும், பிரிட்டன் நவம்பர் 22 ஆம் நாளிலும்தான் அதை ஏற்றுக்கொண்டன. ஊசி நல்லதா கெட்டதா என்பது வேறு. போகும் நாடு அதை ஏற்கிறதா என்பது வேறு. பின்னதைப் பயணம் செய்பவரே முன்கூட்டி விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இப்பொழுது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளிப் பிள்ளைகள் போடும் நாட்காட்டிக் கணக்குத்தான் இது. ஆனால் பின்னோக்கிப் போட வேண்டும். பல்கலைக்கழகம் செப்டம்பர் 20 ஆம் நாள் திறக்கிறது என்க. அந்நாட்டில் இறங்கிய நாளைச் சேர்க்காமல் பத்து முழு நாள் தனிமையில் இருக்க வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் செப்டம்பர் 9 ஆம் நாள் இறங்க வேண்டும். அதற்கு 8 ஆம் நாள் இரவு இங்கிருந்து புறப்பட வேண்டும். 72 மணி நேரக் கணக்கின்படி 6 ஆம் நாள் காலையில் பரிசோதனை செய்தால் 7 ஆம் நாள் முடிவு கைக்கு வரும். இரண்டாம் ஊசி ஆகஸ்டு 24 க்குள் முடிந்திருக்க வேண்டும். இரண்டு ஊசிக்கும் இடையே மூன்று வாரம் என்றால் முதல் ஊசி ஆகஸ்டு 3 க்குள் போட்டாக வேண்டும். இதுவும் எல்லாம் தடையின்றி நடந்தால்தான். ஆகவே ஒரு வாரம் கூட்டிச் சூலை இறுதிக்குள் முதல் ஊசி என்று குறித்துக்கொள்வதே அறிவுடைமை. செப்டம்பரில் தொடங்கும் படிப்புக்குச் சூலையிலேயே ஆயத்தம் தொடங்கிவிடுகிறது என்பதைக் காண்கிறீர்கள் அல்லவா?

அடுத்து வழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயணச்சீட்டு வாங்கும்போது விலை குறைந்த வழியையே நாம் நாடுகிறோம். இலண்டனுக்குப் போகிறவர் துபாய் அல்லது டோகா வழியாகப் போவது வழக்கம். 2021 ஆம் ஆண்டின் முற்பகுதியில் பிரிட்டன் அவ்விரு நாடுகளையும் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. ஆகஸ்டு வரை அவை அதில் இருந்தன. அப்பட்டியலில் உள்ள நாட்டில் கடந்த பத்து நாளுக்குள் விமானம் மாறியவருங்கூட அங்கிருந்து வந்தவராகவே கருதப்பட்டார். அத்தகையோர் அரசு குறித்த ஓட்டலில் தங்க வேண்டியிருந்தது. அதற்கு ஒருவருக்கு 1,750 பவுன் கட்டணமாக இருந்தது. விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுந்ததற்கு இத்தனை செலவு! ஆதலால் புறப்படும் நாடு, போய்ச் சேரும் நாடு ஆகிய இரண்டின் விதிகள் மட்டும் போதா. இடையில் கால் வைக்கும் நாட்டின் விதியும் தெரிந்திருக்க வேண்டும். இவற்றைச் சீட்டு வாங்குமுன் ஒரு முறை, புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு முறை, முதல் நாள் ஒரு முறை என மும்முறை பார்க்க வேண்டும். பார்க்கும் இடம் அந்நாட்டு அரசின் அறிவிப்பாகவும் விமான நிறுவனத்தின் அறிவிப்பாகவும் இருத்தல் வேண்டும். கைப்பேசியில் உறவினர் அனுப்பும் செய்தி அதற்கு ஈடாகாது.

பத்திரங்களுக்கு வருவோம். நம்மவர் பெயரில் 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி' வரும். கடப்பிதழில் அது ஒரு வகையாகவும், பயணச்சீட்டில் சாய்கோடு இல்லாமலும், மருத்துவச் சான்றில் தகப்பனார் பெயரே இல்லாமலும் இருப்பதுண்டு. நமக்கு இவையெல்லாம் ஒரே ஆள் என்று தெரியும். அயல்நாட்டு அதிகாரிக்கு எப்படித் தெரியும்? எல்லாப் பத்திரங்களிலும் பெயர் கடப்பிதழில் உள்ளபடியே இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். பரிசோதனைச் சான்றிலும் ஊசிச் சான்றிலும் கடப்பிதழ் எண் இருப்பது நன்று. நம் அடையாள அட்டை எண் இங்கேதான் பேசும்.

மைசெஜாத்ரா செயலியில் இருக்கிறதே, தாள் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கலாம். பதினைந்து மணி நேரப் பயணத்தில் கைப்பேசியின் மின்சாரம் தீர்ந்துபோகும். இறங்கும் இடத்தில் இணையம் கிடைக்காமல் போகும். ஆகவே கடப்பிதழ், விசா, சேர்க்கைக் கடிதம், ஊசிச் சான்று, பரிசோதனை முடிவு, காப்புறுதிப் பத்திரம், தங்குமிட முகவரி ஆகியவற்றைத் தாளில் இரு படிகள் எடுக்க வேண்டும். ஒன்று கைப்பையில் இருக்கட்டும். மற்றொன்று வீட்டில் பெற்றோரிடம் இருக்கட்டும். மலேசியத் தொலைபேசி எண்ணையும் துண்டித்துவிடக்கூடாது. வங்கி அனுப்பும் உறுதி எண் அந்த எண்ணுக்குத்தான் வரும்.

பணத்தைப் பொறுத்தவரை, குடும்பங்கள் விமானச் செலவு, கட்டணம், முதல் மாத வாடகை என்று மூன்று கணக்கு எழுதுகின்றன. நான்காவது ஒன்றையும் எழுத வேண்டும். அது நின்றுபோகும் நாள்களின் கணக்கு. பதினான்கு நாள் அறை, உணவு, மறுபரிசோதனை, பயணத் தேதி மாற்றும் கட்டணம் ஆகியவை அதில் அடங்கும். தோட்டத்து வருமானத்தில் இதனைச் சேர்ப்பது எளிதன்று என்பதை நான் அறிவேன். அதனால்தான் முன்னரே சொல்லிவைக்கிறேன். கடைசி நேரத்தில் நகையை அடகு வைத்துத் தேடும் பணம் இருமடங்கு வலிக்கும். மாணவர் உபகாரச் சம்பளம் பெறுபவராயின், இச்செலவை அவர்கள் ஏற்பார்களா என்று எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளலாம். காப்புறுதி வாங்கும்போது கொள்ளைநோய் விலக்கப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். பயணச்சீட்டு ரத்தானால் பணமாகத் திருப்புவார்களா, வேறொரு நாள் பறக்கும் உரிமையாகத் தருவார்களா என்றும் கேட்டறிய வேண்டும்.

இனி நான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். பிள்ளை சீமைக்குப் படிக்கப் போகிறான் என்றால் நாம் சும்மா அனுப்புவதில்லை. கோயிலில் அருச்சனை, வீட்டில் விருந்து, லயத்தில் உள்ள அத்தனை பேரும் வந்து நெற்றியில் திருநீறு இட்டு வாழ்த்துதல் எல்லாம் நடக்கும். அன்பின் வெளிப்பாடுதான். ஆனால் கொள்ளைநோய்க் காலத்தில் புறப்படுவதற்கு முந்திய இரண்டு வாரமே ஆபத்தான காலம். விருந்துக்கு வந்த ஐம்பது பேரில் ஒருவருக்குக் கிருமி இருந்தால் போதும். பரிசோதனையில் பிள்ளைக்கு நோய் என்று வரும். விமானம் போய்விடும். கல்வித் தவணையும் போய்விடலாம். அதோடு நில்லாமல், வாழ்த்த வந்த பாட்டிக்கும் நோய் பற்றும். பிள்ளை தப்பிப் பிழைப்பான். பாட்டி என்ன ஆவார்?

ஆதலால் பெற்றோரே, விருந்தைப் பட்டம் பெற்றுத் திரும்பும் நாளுக்குத் தள்ளிவையுங்கள். ஆசி வழங்க வரும் பெரியவர்கள் ஐந்தாறு பேராக, வெவ்வேறு நாளில், வாசலில் காற்றோட்டமாக உட்கார்ந்து பேசிவிட்டுப் போகட்டும். விமான நிலையத்திற்கு இரண்டு வேன் நிறைய ஆள் வேண்டாம். தாயும் தந்தையும் போதும். இது அன்பைக் குறைப்பதன்று. அன்பு காட்டும் முறையை அந்தக் காலத்துக்கு ஏற்ப மாற்றுவதே ஆகும்.

மாணவரும் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். உடல்நிலைப் படிவத்தில் உண்மையையே எழுத வேண்டும். காய்ச்சல் தெரியாமலிருக்கப் பனடோல் விழுங்கிவிட்டு விமானம் ஏறுவது புத்திசாலித்தனம் அன்று. பக்கத்து இருக்கையில் இருப்பவர் ஒரு குழந்தையின் தாயாக இருக்கலாம். பிடிபட்டால் விசாவும் போகும், பெயரும் போகும்.

தனிமை அறையில் கழியும் நாள்களைப் பற்றிச் சிறிது கூறுவேன். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த பிள்ளைக்கு ஓர் அறையில் பத்து நாள் தனியே இருப்பது பெரிய சோதனை. முதல் இரண்டு நாள் தூக்கத்தில் போய்விடும். மூன்றாம் நாள் முதல் மனம் அடித்துக்கொள்ளும். அதற்கு மருந்து கால அட்டவணைதான். எழும் நேரம், குளிக்கும் நேரம், உடற்பயிற்சி, பாடம் படித்தல், வீட்டாரோடு பேசுதல் என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளட்டும். சைவ உணவினர் அதனை அறை பதிவு செய்யும்போதே தெரிவித்துவிட வேண்டும். இரண்டு வாரத்திற்குத் தேவையான சொந்த மருந்து, வெப்பமானி, முகக்கவசம், ஊறுகாய்ப் புட்டி ஒன்று ஆகியவை பெட்டியில் இருந்தால் நிம்மதி. ஆனால் உணவுப் பொருள் கொண்டுபோகுமுன் அந்நாட்டுச் சுங்க விதியைப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியா இதில் மிகக் கண்டிப்பான நாடு.

வீட்டாரும் நேர வேறுபாட்டை அறிந்துகொள்வது நலம். இலண்டன் நம்மைவிட ஏழு அல்லது எட்டு மணி நேரம் பிந்தியது. மெல்பர்ன் இரண்டு அல்லது மூன்று மணி நேரம் முந்தியது. இங்கே இரவு எட்டு மணிக்குப் பேசினால் இலண்டனில் நண்பகல். மெல்பர்னில் பிள்ளை தூங்கும் நேரம். நாள்தோறும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் பேசினால் போதும். அந்தப் பேச்சில் ஊரில் யார் யாருக்கு நோய் என்ற பட்டியலை வாசிக்க வேண்டாம். அங்குள்ள மலேசியத் தூதரகத்தில் பெயரைப் பதிந்துகொள்ளவும், மலேசிய மாணவர் சங்கத்தினர் ஒருவரின் எண்ணை வாங்கிவைத்துக்கொள்ளவும் மறவாதீர்கள். நடு இரவில் உடல் நலம் குன்றினால், ஆயிரக்கணக்கான மைல் தொலைவிலிருக்கும் தாயைவிட, பக்கத்துத் தெருவிலிருக்கும் நண்பரே முதலில் வந்து சேர்வார்.

இறுதியாக, போகாமலிருப்பதும் ஒரு முடிவுதான் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒரு தவணை தள்ளிச் சேர அனுமதி உண்டா, முதல் தவணையை இங்கிருந்தே இணையம் வழி படிக்கலாமா என்று பல்கலைக்கழகத்தை எழுதிக் கேட்பதில் வெட்கமில்லை. பலர் அவ்வாறு செய்தனர். இணையம் எட்டாத தோட்டங்களில் அதுவே கடினமாயிற்று என்பதும் உண்மை. அத்தகைய பிள்ளைக்குப் பட்டணத்தில் உறவினர் வீட்டில் ஒரு மூலையும் மேசையும் ஒதுக்கித் தருவதுகூடப் பயண ஆயத்தத்தில் அடங்கும். ஆறு மாதம் பிந்திப் படித்தவரை எவரும் பிற்காலத்தில் குறை சொல்வதில்லை.

நேயர்களே, நாள்களைப் பின்னோக்கி எண்ணுங்கள். பத்திரங்களை ஒரே பெயரில் வையுங்கள். நின்றுபோகும் நாள்களுக்கும் பணம் ஒதுக்குங்கள். புறப்படுமுன் இரண்டு வாரம் கூட்டத்தைத் தவிருங்கள். இந்த நான்கும் கைவசம் இருந்தால், வழியில் எத்தனை நாள் நிற்க நேர்ந்தாலும் பிள்ளை கலங்கமாட்டான்; வீடும் கலங்காது. ஜெரெஜாக் தீவில் காத்திருந்தவர்களுக்கு எத்தனை நாள் என்று சொல்வாரும் இல்லை, ஏன் என்று விளக்குவாரும் இல்லை. நம் பிள்ளைகள் காரணம் அறிந்து காத்திருக்கக்கூடியவர்கள். கல்வி அவர்களுக்கு அளித்த முதல் பயன் அதுவே எனலாம்.